தெரு ஓவியர்களோட லிமிடெட் எடிஷன் ஸ்க்ரீன் பிரிண்ட் சேர்க்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுவர்ல வரையிற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தரோட வேலை ரொம்ப பிடிச்சுப்போச்சு, அதை வீட்டுல வச்சு தினமும் பாக்கணும்னு ஆசை, ஆனா கேன்வாஸ் விலை எட்டாது, அப்படின்னா உங்களுக்கான வழி லிமிடெட் எடிஷன் பிரிண்ட்தான். ஆர்ட்டிஸ்ட்டே ஒத்துக்கிட்டு, இத்தனை காப்பின்னு எண்ணி, பென்சில்ல கையெழுத்து போட்டு வெளிய விடுறது. சுவரையே பேத்து எடுத்து விக்கிறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, அது அந்தத் தெருவுல இருக்கிறவங்களுக்குச் சொந்தமானது. பேரை மறைச்சு வேலை செய்ற பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியோட வேலை அசலான்னு பாத்துச் சொல்ற பெஸ்ட் கன்ட்ரோல் ஆபீஸும் தெருவுல இருந்து எடுத்த வேலைக்கு சான்றிதழ் தர்றதில்ல.

இதை எழுதுறதுக்கு முக்கிய காரணம், புதுசா வர்றவங்க எல்லாருமே விலையையும் பேரையும் பாக்குறாங்க, கையில இருக்கிற காகிதத்தைப் பாக்க மாட்டேங்குறாங்க. பிரிண்ட்னா படம் மட்டும் இல்ல, காகிதம், மை, விளிம்பு, பென்சில் கோடு, கூட வர்ற பில்லு எல்லாம் சேர்ந்ததுதான். அதைப் பாக்கப் பழகிட்டா ஏமாத்துறது கஷ்டம்.

1. முதல்ல ஸ்க்ரீன் பிரிண்ட்னா என்னன்னு கண்ணுல பதிய வைங்க

ஒரு ஃப்ரேம்ல இழுத்துக் கட்டின மெல்லிசான வலை. அதுல ஒளிபட்டா இறுகுற எமல்ஷன் தடவி, படம் வர வேண்டிய இடத்தை மட்டும் திறந்து விடுவாங்க, மேல மையை ஊத்தி ஸ்க்வீஜின்னு சொல்ற ரப்பர் பட்டையால ஒரே இழுப்பு இழுத்தா திறந்த இடம் வழியா மை காகிதத்துல இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். ஆறு நிறம்னா அதே காகிதம் ஆறு தடவை ஸ்க்ரீனுக்கு அடியில போய் வரணும், ஒவ்வொரு தடவையும் சரியா அதே இடத்துல உக்காரணும். இதைத்தான் ரெஜிஸ்ட்ரேஷன்னு சொல்வாங்க. ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் ஓரத்துல வெள்ளைக்கோடு தெரியும்.

தெரு ஓவியர்களுக்கு இந்த முறை இவ்வளவு ஒத்துப்போறதுக்குக் காரணம் ஸ்டென்சில்தான். பாரிஸ்ல பிளெக் லெ ராட் 1981ல சுவர்ல எலி அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஸ்டென்சில் ஆர்ட்டிஸ்ட் செய்றது என்ன? வெட்டின ஓட்டை வழியா நிறத்தை அந்தப் பக்கம் அனுப்புறது. ஸ்க்ரீனும் அதையேதான் பண்ணுது. அதனால ஸ்டென்சில் வேலை ஸ்க்ரீன் பிரிண்ட்டா மாறும்போது அதோட குணம் கெடாம அப்படியே வருது. அமெரிக்க ஆர்ட்டிஸ்ட் ஷெப்பர்ட் ஃபேரி 1989ல ஆண்ட்ரே த ஜயன்ட்ங்கிற மல்யுத்த வீரரோட முகத்தை ஸ்டிக்கரா ஒட்டி ஆரம்பிச்சவரு, அவருக்கு இன்னைக்கும் ஸ்க்ரீன் பிரிண்ட்தான் முக்கியமான வடிவம். 2008ல அவரு பண்ண ஒபாமாவோட ஹோப் போஸ்டர் கூட முதல்ல சின்ன எண்ணிக்கையில ஸ்க்ரீன் பிரிண்ட்டா வந்ததுதான்.

எல்லாருமே ஸ்க்ரீன் பிரிண்ட்தான் பண்றாங்கன்னு நினைச்சுடாதீங்க. ஸ்வூன்ங்கிற ஆர்ட்டிஸ்ட் சுவர்ல ஒட்டுற பெரிய உருவங்கள் பலதும் செதுக்கின பலகையில இருந்து அடிச்சது, ஜேஆர்ங்கிற ஆர்ட்டிஸ்ட் வெளியிடுறதுல நிறைய லித்தோகிராஃப், அதாவது தட்டையான கல்லுல இல்லைன்னா தகட்டுல இருந்து அடிக்கிறது. விளக்கத்துல என்ன முறைன்னு எழுதியிருக்கோ அதைப் படிச்சிட்டு வாங்குங்க, "ஆர்ட் பிரிண்ட்"னு மட்டும் போட்டிருந்தா அது அநேகமா இன்க்ஜெட்டா இருக்கும், கேட்டுக்கோங்க.

2. எடிஷன் பாஷை

கீழ இடது பக்கம் 47/300ன்னு பென்சில்ல எழுதியிருந்தா 300 காப்பில இது 47ன்னு அர்த்தம். 1/300க்கு அதிக விலை கேக்குறவங்க இருக்காங்க, குடுக்காதீங்க. நிறம் நிறமா அடிக்கும்போது காகிதமெல்லாம் காயவைக்கிற அடுக்குல கலைஞ்சு போயிடும், கையெழுத்து போடும்போது மேல இருக்கிறதுக்கு முதல் நம்பர், அவ்வளவுதான். முதல்ல அடிச்சதுதான் 1ங்கிறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல.

ஏபின்னு இருந்தா ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், ஆர்ட்டிஸ்ட் தனக்காக வச்சுக்கிறது, வழக்கமா எடிஷன்ல 10 சதவீதம் பக்கம் இருக்கும். பிபின்னா அச்சடிச்சவருக்கு. ஹெச்சின்னா விற்பனைக்கு இல்லாததுன்னு ஒதுக்கினது. இதெல்லாம் 300க்கு வெளிய இருக்கிற காப்பிங்க, அதனால மொத்தம் எத்தனை இருக்குன்னு கணக்கு போடும்போது இதையும் சேர்த்துக்கணும். ஹெச்பிஎம்னா ஒவ்வொரு காப்பிலயும் ஆர்ட்டிஸ்ட் கையால ஸ்ப்ரேயோ பிரஷ்ஷோ சேர்த்தது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. என்னைக் கேட்டா நடுத்தர பட்ஜெட்டுக்கு மிகச்சிறந்த இடம் இதுதான், ஆர்ட்டிஸ்டோட கை நேரடியா பட்டது கிடைக்குது.

சைன் பண்ணது, பண்ணாதது ரெண்டும் ஒரே பிரிண்ட்ல வரலாம். பேங்க்ஸியோட பலூன் சிறுமி பிரிண்ட் 2004ல வந்தப்போ 150 சைன் பண்ணது, 600 சைன் இல்லாம நம்பர் மட்டும் போட்டது. படம் ஒண்ணுதான், விலை வேற லெவல்ல வேற.

இன்னொரு குழப்பம் ஓபன் எடிஷன், அதாவது இத்தனை காப்பின்னு வரம்பு இல்லாதது. ஃபேரி கையெழுத்து போட்ட, ஆனா நம்பர் இல்லாத ஆஃப்செட் (பத்திரிகை மாதிரி மெஷின்ல அடிச்ச) போஸ்டர்களும் அவரோட தளத்துலயே விக்கிறாங்க. அது நல்ல விஷயம்தான், குறைஞ்ச காசுல சுவர்ல மாட்டலாம். ஆனா அதை வாங்கி நம்பர் போட்ட ஸ்க்ரீன் பிரிண்ட்னு சொல்லி மறுபடி விக்கிறவங்க இருக்காங்க. கையெழுத்து இருக்கு, நம்பர் எங்கன்னு முதல்ல பாருங்க.

3. யாரை வாங்குறதுன்னு முடிவு பண்றது

பெரிய பேர் பின்னாடி ஓடாதீங்க. ஒரு ஆர்ட்டிஸ்ட்டை எடுத்து அவரோட எல்லா பிரிண்ட்டையும், வருஷம், எண்ணிக்கை, அளவு, காகிதம், அச்சடிச்ச ஸ்டூடியோ வரைக்கும் ஒரு ஷீட்ல எழுதிப் பாருங்க. கொஞ்ச நாள்லயே உங்களுக்கு ஒரு கண்ணு வந்துடும், எது அவசரத்துல பண்ணது, எதுல உண்மையா உழைச்சிருக்காரு, எது பழைய படத்தையே நிறம் மாத்திப் போட்டதுன்னு தெரியும். ப்ரூக்ளின்ல இருந்து வேலை செய்ற ஃபெயில்ங்கிற ஆர்ட்டிஸ்ட் ஜோடி மாதிரி ஆளுங்க மையோட அடுக்குலயும் கிழிஞ்ச போஸ்டர் தோற்றத்துலயும் எடுத்துக்கிற சிரத்தையை நேர்ல பாத்தா ஃபோட்டோல தெரியாத ஒரு கனம் தெரியும். இன்வேடர்ங்கிற ஆர்ட்டிஸ்ட் 1998ல பாரிஸ்ல மொசைக் ஒட்ட ஆரம்பிச்சவரு, அவரு பிரிண்ட்ல அந்தக் கட்டத்தை எப்படிக் கொண்டு வர்றாருங்கிறதே தனி சுவாரசியம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி கேலரி, கண்காட்சி, ஏல வீட்டோட முன்பார்வைன்னு எங்க வாய்ப்பு கிடைச்சாலும் போய் நேர்ல பாருங்க, முன்பார்வைக்கு காசு இல்ல, யாரும் ஏன் வந்தீங்கன்னு கேக்க மாட்டாங்க.

விலை ஏறும்னு மட்டும் நினைச்சு வாங்காதீங்க. பேங்க்ஸி பிரிண்ட் விலை 2021 பக்கம் உச்சத்துக்குப் போயி அப்புறம் நல்லாவே இறங்குச்சு, உச்சத்துல வாங்கினவங்க எல்லாம் படத்தைப் பிடிச்சு வாங்கியிருந்தா மட்டும்தான் நிம்மதியா இருக்காங்க. நாளைக்கே இதுக்கு விலையே இல்லாம போனாலும் சுவர்ல இருந்து இறக்க மாட்டேன்னு தோணுறதை வாங்குங்க.

4. வெளியாகுற நாள்லயே வாங்குறது

மிகக் குறைஞ்ச விலை, போலியே இல்லங்கிற உறுதி, ரெண்டும் ஒண்ணா கிடைக்கிற ஒரே இடம் ஆர்ட்டிஸ்ட்டோட சொந்த வெளியீடு. இதைத்தான் டிராப்னு சொல்றாங்க. லண்டன்ல 2003ல ஆரம்பிச்ச பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்ங்கிற பிரிண்ட் வெளியீட்டு நிறுவனம் பேங்க்ஸியோட பழைய பிரிண்ட்களை சாதாரண ஆளு வாங்குற விலையில வித்துச்சு, இப்போ அது மூடியாச்சு. ஃபேரி இன்னும் விடாம வெளியிடுறாரு, பெரும்பாலும் 18க்கு 24 இஞ்ச், சில நூறு காப்பி, ஒரு ஆளுக்கு ஒண்ணுங்கிற கணக்குல, விலை டாலர்ல ரெண்டு இலக்கத்துலயே இருக்கும். ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

டிராப்ல ஜெயிக்க வித்தை எதுவும் இல்ல, தயாரா இருக்கணும் அவ்வளவுதான். நியூஸ்லெட்டர்ல சேருங்க, முன்கூட்டியே அக்கவுண்ட் திறந்து முகவரியும் கார்டும் போட்டு வைங்க, அறிவிச்ச நேரத்தை உங்க ஊர் நேரத்துக்கு மாத்தி அலாரம் வைங்க, வெளிநாட்டு பணத்துக்கு பேங்க் ஓடிபி வருமான்னு முந்தின நாளே பாத்துக்கோங்க. கடைசி நொடியில கார்டு மறுத்து பிரிண்ட் கை நழுவுறதுதான் அதிகமா நடக்குறது. சில பேர் குலுக்கல் முறையில குடுப்பாங்க. பேங்க்ஸி 2019ல க்ராஸ் டொமஸ்டிக் ப்ராடக்ட்னு கடை போட்டப்போ, விண்ணப்பிக்கிறவங்க கலை ஏன் முக்கியம்ங்கிற கேள்விக்கு பதில் எழுதணும்னு வச்சாரு, வாங்கி உடனே விக்கிறவங்களைத் தடுக்கத்தான்.

உடனே விக்கிறதைப் பத்தி என் கருத்து வெளிப்படையா சொல்றேன், வந்த பார்சலைப் பிரிக்காமலே மூணு மடங்கு விலைக்குப் போடுறவங்களாலதான் உண்மையான ரசிகருக்கு கிடைக்காம போகுது. கேலரிகளும் யாரு அப்படிப் பண்றாங்கன்னு ஞாபகம் வச்சுக்குவாங்க, அடுத்த முறை உங்களுக்கு மெயில் வராது.

5. இரண்டாம் கை சந்தை

டிராப்ல தவறினது, பழைய பிரிண்ட் எல்லாம் இங்கதான். ஏல வீடு, டீலர், இல்லைன்னா இன்னொரு சேகரிப்பாளர்.

ஏலத்துல சுத்தியல் விலை, அதாவது கடைசியா கேட்டு சுத்தியல் தட்டுற விலைதான் முடிவு விலைன்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு மேல வாங்குறவர் பிரீமியம்னு 25 சதவீதமோ அதுக்கு மேலயோ வரும், 1,000க்கு கை தூக்கினா 1,250 ஆகிடும், அதுக்கும் மேல வரி, பேக்கிங், ஷிப்பிங், உங்க நாட்டு கஸ்டம்ஸ். பிரிட்டனிலயும் ஐரோப்பிய நாடுகள்லயும் ஆர்ட்டிஸ்டோட மறுவிற்பனை உரிமைத் தொகைன்னு ஒண்ணு இருக்கு, கீழ் விலை அடுக்குல இது வழக்கமா 4 சதவீதம், பல ஏலத்துல வாங்குறவர் தலையிலதான் விழும். அது ஆர்ட்டிஸ்ட்டுக்குப் போறதால எனக்கு அதுல வருத்தமே இல்ல, ஆனா கணக்குல முன்னாடியே சேர்த்துக்கணும். மொத்தம் எவ்வளவு போகலாம்னு முதல்ல எழுதி வச்சு, அதுல இருந்து பின்னாடி கணக்கு போட்டு எத்தனைல நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டு உக்காருங்க.

விலை தெரிஞ்சுக்க, கேக்குற விலையைப் பாக்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. ஏல வீடுகளோட பழைய முடிவுகள் பெரும்பாலும் தளத்துலயே இருக்கும். அதே பிரிண்ட், அதே மாதிரி நிலைமை, சைன் உண்டா இல்லையா, கடைசி ஒரு வருஷம், இப்படி ஒப்பிடணும். ஃப்ரேமோட வித்ததுக்கும் ஃப்ரேம் இல்லாம வித்ததுக்கும் கூட வித்தியாசம் இருக்கும்.

தனி ஆள்கிட்ட வாங்குறப்போ பணத்தை நண்பருக்கு அனுப்புற மாதிரியான, பாதுகாப்பு இல்லாத வழியில அனுப்பாதீங்க. அவசரப்படுத்துறவர்கிட்ட வாங்கவே வாங்காதீங்க, நல்ல பிரிண்ட் வச்சிருக்கிறவர் கேள்வி கேட்டா சந்தோஷப்படுவாரு.

6. அசலா போலியா

இதுல நிதானமா இருங்க, காசு போறது இங்கதான்.

பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற ஒரு சின்ன லூப் வாங்கிக்கோங்க. அதை வச்சு நிறத்தோட ஓரத்தைப் பாருங்க. ஸ்க்ரீன் பிரிண்ட்ல நிறம் ஒரே சீரா, தட்டையா, ஓரம் வெட்டின மாதிரி இருக்கும், மை காகிதத்துக்கு மேல உக்காந்திருக்கும். வெளிச்சத்தை பக்கவாட்டுல அடிச்சு சாய்ச்சுப் பாத்தா ஒரு நிறம் இன்னொரு நிறத்து மேல ஏறுற இடத்துல மெல்லிசா ஒரு மேடு தெரியும். இன்க்ஜெட்னா பொடிப்பொடியா தெளிச்ச புள்ளிங்க, ஓரம் கரைஞ்சு நிக்கும். ஆஃப்செட்னா நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு நாலு புள்ளியும் பூ மாதிரி வட்டமா கூடி நிக்கும். ஒரு எச்சரிக்கை, புள்ளி இருந்தாலே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆர்ட்டிஸ்ட்டே ஃபோட்டோவை புள்ளியா மாத்தி ஸ்க்ரீன்ல அடிப்பாரு, ஆனா அங்க ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்துல கெட்டியா இருக்கும்.

பென்சில் கையெழுத்தை சாய்ச்சுப் பாத்தா கிராஃபைட் மினுமினுக்கும், காகிதம் லேசா அமுங்கியிருக்கும். அச்சடிச்ச கையெழுத்து செத்துப்போய் கிடக்கும். பிளைண்ட் ஸ்டாம்ப்னு மை இல்லாம அழுத்தி எழுப்பின முத்திரை இருக்கணும்னா இருக்கா, சரியான மூலையில இருக்கா, எழுத்து கூர்மையா இருக்கான்னு பாருங்க. அளவை மில்லிமீட்டர் வரைக்கும் அளந்து வெளியீட்டு விவரத்தோட ஒப்பிடுங்க, ஓரம் அடிபட்டதை மறைக்க வெட்டிச் சின்னதாக்கினதும் இதுலதான் மாட்டும். தடவிப் பாத்தா காகிதத்தோட கனமும் சொரசொரப்பும் தெரியும், விளிம்பு கிழிஞ்ச மாதிரி இருக்கணுமா, வெட்டினதா இருக்கணுமாங்கிறதும் எடிஷனுக்கு எடிஷன் மாறும்.

இவ்வளவும் பாத்தாலும் மலிவான போலி மட்டும்தான் கழியும். போலி பண்றவனும் ஸ்க்ரீன்ல அடிக்கலாம், நல்ல காகிதம் வாங்கலாம், முத்திரை கூட செஞ்சுக்கலாம். 2010ல இங்கிலாந்துல போலி பேங்க்ஸி பிரிண்ட் இன்டர்நெட்ல வித்த ரெண்டு பேருக்கு கோர்ட்ல தண்டனை ஆச்சு, அதுக்கப்புறமும் நிக்கல. அதனால பொருளைப் பாக்குறது பாதி, அது எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்குறது மீதி. முதல்ல வாங்கினப்போ வந்த இன்வாய்ஸ், ஆர்டர் மெயில், கைமாறின ஒவ்வொரு இடத்துலயும் பில்லு, பழைய ஏல எண், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும். எடிஷன் நம்பரை அப்படியே போட்டு பழைய விற்பனைகளைத் தேடுங்க, அதே நம்பர் வேற ஒருத்தர்கிட்ட இருக்குறதா வந்தா ரெண்டுல ஒண்ணு போலி.

பேங்க்ஸிக்கு பெஸ்ட் கன்ட்ரோல் சான்றிதழ் இல்லாம வாங்காதீங்க, இதுல விட்டுக்குடுக்க எதுவுமே இல்ல. 2008ல இருந்து அவங்கதான் பாக்குறாங்க. சான்றிதழ்ல, ராணி முகத்துக்குப் பதிலா டயானா முகம் போட்டு பேங்க்ஸி பண்ண பத்து பவுண்ட் விளையாட்டு நோட்டை ரெண்டா கிழிச்சு ஒரு பாதியை பின் பண்ணியிருப்பாங்க, கிழிச்ச கோட்டு மேலயே கையால ஒரு நம்பர் எழுதியிருக்கும், மறுபாதி அவங்ககிட்ட. கிழிஞ்ச கோடும் எழுத்தும் சேரணும், அவங்ககிட்ட இருக்கிற பாதியோட சேர்ற மாதிரி போலி செய்றது ரொம்ப கஷ்டம், அவ்வளவு எளிமையான அழகான யோசனை. "சான்றிதழுக்கு அப்ளை பண்ணியிருக்கேன், வந்ததும் அனுப்புறேன்"னு சொன்னா, வந்ததும் வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க.

மத்த ஆர்ட்டிஸ்ட்களுக்கு கேலரி குடுத்த சிஓஏ (அசல்னு சொல்ற சான்றிதழ்) இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஃபேரி பிரிண்ட் பலதும் சான்றிதழ் இல்லாமத்தான் வந்துச்சு, அது இல்லாததால போலி ஆகாது. அதே மாதிரி விக்கிறவரே அச்சடிச்சுக் குடுக்கிற பளபளப்பான சான்றிதழுக்கு மதிப்பு சுத்தமா கிடையாது.

7. நிலைமை

"நல்ல நிலைமை"ன்னு ஒரு வார்த்தையை நம்பாதீங்க. நாலு மூலையும், பின்பக்கமும், பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்த ஃபோட்டோவும் கேளுங்க. காகிதத்தை ஒரு கையால தூக்கும்போது அரைநிலா வடிவத்துல ஒரு மடிப்பு விழும், நேர் ஃபோட்டோல அது தெரியவே தெரியாது. மூலை நசுங்கல், வெயில்ல மங்கின நிறம், காகிதம் பழுப்பாகிறது, பழுப்புப் புள்ளிங்க, மோசமான மவுண்ட் போர்டு (ஃப்ரேமுக்குள்ள பிரிண்ட்டைச் சுத்தி வைக்கிற அட்டை) ஓரத்துல விட்ட காவிக்கோடு, இதெல்லாம் விலையைக் குறைக்கும். ஆனா மன்னிக்கவே முடியாதது, பலகையில பசை போட்டு ஒட்டினது. அதைப் பிரிக்கிறது நிபுணர் வேலை, பல சமயம் முடியாது. மை மேல சின்ன ரோலர் தடம், ஓரத்துல துளி மைக்கறை இதெல்லாம் கையால அடிச்சதோட அடையாளம், அதுக்கு முகம் சுளிக்க வேண்டாம்.

8. பிரிண்ட்டைச் சுருட்டி அனுப்புற ட்யூப் வந்ததும்

பிரிக்கிறதை வீடியோ எடுங்க. கை கழுவி ஈரம் போகத் துடைச்சிட்டு, பெரிய சுத்தமான மேசை மேல, உள்ள இருக்கிற சுருளை மெதுவா எடுங்க, விரலை உள்ள விட்டு இழுக்காதீங்க, ஓரம் கிழியிறது அப்பத்தான். எதிர்ப்பக்கமா சுருட்டி நேராக்கவே கூடாது, மை வெடிக்கும். அமிலம் இல்லாத காகிதத்துக்கு நடுவுல வச்சு மேல சமமா லேசான கனம் வச்சு ஒரு நாள் ரெண்டு நாள் விட்டா தானா படியும்.

9. ஃப்ரேம் போடுறது, பத்திரப்படுத்துறது

ஃப்ரேம் போடுறவர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க: அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு, புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி இல்லைன்னா அக்ரிலிக், ஜப்பானிய காகிதக் கீலும் கோதுமை மாவுப் பசையும், பிரிண்ட் கண்ணாடியைத் தொடாத மாதிரி இடைவெளி. செல்லோடேப், சூடு வச்சு ஒட்டுறது ரெண்டுக்கும் இடமே இல்லைன்னு திட்டவட்டமா சொல்லிடுங்க. ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட வெட்டக்கூடாதுன்னு எழுதியே குடுத்துடுங்க. விளிம்பு அழகா இருந்தா மிதக்குற மாதிரி மவுண்ட் பண்ணச் சொல்லுங்க, முழு காகிதமும் தெரியும்.

நேர் வெயில் படுற சுவர், குளியலறைக்கு ஒட்டின சுவர், அடுப்பு பக்கம் வேண்டாம். காகித வேலைகளுக்கு மியூசியங்கள்ல 50 லக்ஸ் பக்கம்தான் வெளிச்சம் வைக்கிறாங்க, வீட்டுல அவ்வளவு இருட்டா வாழ முடியாது, ஆனா ஃப்ளோரசன்ட் நிறம் அடிச்ச பிரிண்ட்டை கொஞ்ச மாசம் மாட்டிட்டு இறக்கி வேற ஒண்ணு மாட்டுங்க, அந்த மை ரொம்ப சீக்கிரம் மங்கும். ஈரப்பதம் 50 சதவீதம் பக்கம் ஏறாம இறங்காம இருந்தா போதும், மழைக்காலத்துல சுவர் ஈரம் அடிச்சா இறக்கி வைங்க. மாட்டாததை தட்டையா, அமிலம் இல்லாத காகிதத்தை இடையில விட்டு, இழுப்பறையிலயோ ஃபோல்டர்லயோ வைங்க. ட்யூப்லயே வருஷக்கணக்கா விட்டா சுருள் நிரந்தரமாகிடும்.

10. பதிவேடு

ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, நம்பர், முத்திரை தனித்தனி ஃபோட்டோ, இன்வாய்ஸ் ஸ்கேன், வாங்கின தேதி, மொத்தச் செலவு, எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வேற ஒரு இடத்துலயும் காப்பி வைங்க. அசல் சான்றிதழை ஃப்ரேமுக்குப் பின்னாடி ஒட்டாதீங்க, ஃப்ரேம் திருடு போனா ரெண்டும் சேர்ந்து போகும். வீட்டு இன்சூரன்ஸ்ல கலைப்பொருளுக்கு தனி உச்சவரம்பு இருக்கலாம், பாலிசியை எடுத்துப் படிங்க, தேவைன்னா பட்டியல் குடுத்து தனியா சேருங்க. நம்பரையும் சான்றிதழையும் முழுசா தெரியிற மாதிரி இன்டர்நெட்ல போடாதீங்க, போலி பண்றவங்களுக்கு அதுதான் மாதிரி.

ஒரு நாள் விக்கணும்னு வந்தா இந்த ஃபோல்டரோட விலையை அன்னைக்குத் தெரிஞ்சுக்குவீங்க, ஏல வீட்டுக்கு அனுப்பினா விக்கிறவர் கமிஷன், ஃபோட்டோ கட்டணம், விக்காம திரும்பினா என்ன ஆகும்ங்கிறதையெல்லாம் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிக்கோங்க.